சிறு செம்புத் தகட்டுக்கு எடின்பரோ எட்ச்: எங்கே கைகொடுக்கும், எங்கே காலை வாரும்

செம்புத் தகட்டில் கிரவுண்ட் என்ற காப்புப் பூச்சைப் பூசி, ஊசியால் கீறி, அங்கே தெரியும் செம்பைக் கரைசலில் அரித்து, அந்தக் கோட்டில் மை ஏற்றி அச்செடுப்பதுதான் எட்ச்சிங். அதில் 10×10 செ.மீ. தகட்டில் கோடுதான் எல்லாம். பெரிய தகட்டில் கொஞ்சம் தடித்துப்போன கோடு கண்ணில் படாது. இங்கே ஒரு முகத்தின் சாடையே மாறிவிடும். அந்த அளவுக்கு எந்தக் கரைசல் நல்லது என்று கேட்டால், செம்பாக இருக்கும்வரை எங்கள் வாக்கு எடின்பரோ எட்சுக்குத்தான்.

ஃபெர்ரிக் குளோரைடில் சிட்ரிக் அமிலம் சேர்த்தது, அவ்வளவே. 1997-ல் எடின்பரோவில் ஃபிரீட்ஹார்ட் கீக்கெபென் உருவாக்கினார். வெறும் ஃபெர்ரிக்கில் அரிக்கும்போது ஒரு வண்டல் கோட்டுக்குள்ளேயே படிந்து அடைத்துக்கொள்ளும். அதற்காகவே தகட்டைக் கவிழ்த்தோ செங்குத்தாகவோ வைக்க வேண்டும். சிட்ரிக் அமிலம் அந்த வண்டலைத் தங்கவிடாது. தகட்டை நிமிர்த்தியே தட்டில் போடலாம், அரிப்பும் வேகம். நைட்ரிக் அமிலம் போலக் குமிழி கிளப்பிக் கோட்டின் ஓரத்தைப் பிய்ப்பதில்லை. டச்சு மார்டன்ட் என்ற பழைய அரிப்புக் கரைசலும் இதே நுண்மையைத் தரும், ஆனால் குளோரின் வாயுவோடு.

சிறு தட்டுக்கு அரை லிட்டர் போதும். 75 மி.லி. வெந்நீரில் 25 கிராம் சிட்ரிக் தூளை முழுதாகக் கரைத்து, ஆறியபின் 400 மி.லி. ஃபெர்ரிக் கரைசலில் ஊற்றுங்கள். ஃபெர்ரிக் ஏறக்குறைய 40% செறிவில், அடர்த்தி 1.41 அளவில் இருக்க வேண்டும். சென்னை ரிச்சி தெருவில் சர்க்யூட் போர்டு அரிக்க விற்கும் தூளை வாங்கினால், தண்ணீரில் தூளைச் சிறிது சிறிதாகப் போடுங்கள், மாற்றிச் செய்யாதீர்கள். கரையும்போது கொதிக்கிற சூடு வரும், நெடியும் வரும். கண்ணாடி, கையுறை கட்டாயம்.

இதன் பெரிய குறை, உள்ளே நடப்பது தெரியாது. கரைசல் கரும்பழுப்பு, குமிழியும் இல்லாததால் அரிக்கிறதா என்றே சந்தேகம் வரும், தகட்டை விட்டுவைப்போம், கோடு ஆழமாகிவிடும். அதே செம்பில் ஒரு துண்டை வெட்டி 5, 10, 20, 40 நிமிடங்களில் பகுதி பகுதியாக மூடிச் சோதனை அச்சு எடுத்துவிடுங்கள். அந்தக் கணக்கு அன்றைய வெப்பநிலைக்கு மட்டுமே. மே மாதத்து நேரத்தை டிசம்பரில் நம்ப முடியாது. நெருக்கமான குறுக்குக்கோடுகள் கூடுதல் நேரம் கிடந்தால் இடைச்சுவர் இடிந்து பள்ளமாகும். துடைக்கும்போது நடுவில் மை நிற்காமல், கறுப்பு வேண்டிய இடம் சாம்பலாக அச்சாகும். சிறு தகட்டில் அதிகம் பார்க்கும் கோளாறு இதுதான்.

கோடே விழாமல் போனால் கரைசலைக் குறை சொல்லும் முன் எண்ணெய்ப்பசையைப் பாருங்கள். ஊசி கீறிய இடத்தில் கிரவுண்டின் மெல்லிய படலம் மிஞ்சியிருந்தாலும் ஃபெர்ரிக் அதைத் தாண்டாது. கிரவுண்ட் பூசும் முன், தகட்டில் ஊற்றிய தண்ணீர் முத்து முத்தாகப் பிரியாமல் ஒரே படலமாக நிற்க வேண்டும். பின்புறத்துக்குப் பேக்கிங் டேப், அதிலேயே ஒரு வாலும் விட்டால் தூக்க வசதி. எடுத்ததும் கழுவி, உப்புக் கலந்த வினிகரால் ஒருமுறை துடைத்தால் கறை போய்விடும்.

துத்தநாகத் தகட்டை இதே தட்டில் போடவே கூடாது. சூடேறி ஹைட்ரஜன் கிளம்பும். எவர்சில்வர் சிங்க்கிலும் ஊற்றாதீர்கள், ஃபெர்ரிக் அதையும் அரிக்கும். வேகம் செத்த கரைசலில் வாஷிங் சோடாவைப் பொங்காதபடி மெல்லப் போட்டு நடுநிலையாக்கி, அடியில் தங்கும் செம்புச் சேற்றைச் சாக்கடையில் விடாமல் அபாயக் கழிவு எடுப்பவர்களிடம் கொடுங்கள்.