கதைசொல்லி எந்த இடத்தில் நிறுத்த வேண்டும்? பிரிந்த உறவுகள் பற்றிய பாட்காஸ்ட்டில் மூன்று வழிகள்

பேச்சு அறுந்துபோன அண்ணன் தம்பியை ஒலியில் சந்திக்க வைப்பதற்கு மூன்று வழிகள் புழக்கத்தில் இருக்கின்றன. கதைசொல்லியே இல்லாமல் இருவரையும் பேசவிடலாம். கதைசொல்லி கூடவே போய்ச் சேர்த்துவைக்கலாம். நடந்து முடிந்த பேச்சின் நடுவே பிற்பாடு ஒரு வல்லுநர் குரலைச் சேர்க்கலாம். மூன்றுக்கும் பெயர்பெற்ற முன்மாதிரிகள் அமெரிக்காவில் உண்டு.

முதல் வழிக்கு ஸ்டோரிகார்ப்ஸ், சாதாரண மனிதர்களின் உரையாடல்களைப் பதிவுசெய்யும் திட்டம். 2003-இல் நியூயார்க் கிராண்ட் சென்ட்ரல் ரயில் நிலையத்தில் ஒரு சின்ன ஒலிப்பதிவு அறையோடு தொடங்கியது. அறிமுகமான இருவர் 40 நிமிடம் பேசுவார்கள், உதவியாளர் ஒருவர் கூட இருப்பார். என்பிஆர் என்ற அமெரிக்கப் பொது வானொலியில் வருவது அதிலிருந்து வெட்டிய சுமார் மூன்று நிமிடம். முன்னுரை நாலு வரிதான். பாரம் முழுக்க எடிட்டிங் மேல். கேட்க எளிமையாக இருக்கும், செய்வது அப்படியல்ல. வீட்டு மனிதர்கள் ஏற்கெனவே தெரிந்ததை ஒருவருக்கொருவர் விளக்குவதில்லை. "அன்னிக்கு நீ வரலயே" என்பார்கள், அது என்றைக்கு என்று கேட்பவருக்குத் தெரியாது. தவிர, எதிரெதிரே உட்காரச் சம்மதித்தவர்கள் பாதி சமாதானம் ஆனவர்கள். முழுப் பிரிவில் இருப்பவர்களுக்கு இந்த வழி ஒத்துவராது.

மூன்றாவதுக்கு உளவியல் சிகிச்சையாளர் எஸ்தர் பெரலின் ‘வேர் ஷுட் வி பிகின்?’ பாட்காஸ்ட், 2017-இல் வந்தது. பெயர் சொல்லாத தம்பதிகளோடு ஒரே ஒரு ஆலோசனை அமர்வு, நடுநடுவே அவரே நமக்காகத் தனியாகப் பேசும் குறிப்புகள். அந்தக் குறிப்புகள் விளக்கத்துக்கு மட்டுமல்ல, வெட்டை மறைக்கவும் உதவும். ஆனால் அந்த நாற்காலியில் பயிற்சி பெற்ற சிகிச்சையாளர் இல்லாவிட்டால் கட்டப்பஞ்சாயத்து ஆகிவிடும். தொகுப்பாளர்கள் இதை நகலெடுக்காமல் இருப்பதே நல்லது.

உண்மையான பிரிவுக்கு ஏற்றது இரண்டாவது வழிதான். ஜொனாதன் கோல்ட்ஸ்டைன் கதைசொல்லியாக வரும் ‘ஹெவிவெயிட்’ பாட்காஸ்ட் 2016-இல் தொடங்கியபோது, முதல் அத்தியாயமே அவர் தன் அப்பாவையும் அப்பாவின் அண்ணனையும் சந்திக்க வைப்பதுதான். பல பத்தாண்டு மனக்கசப்பைக் கதைசொல்லி சில நிமிடங்களில் தாண்டிவிட முடிகிறது. அத்தியாயத்தின் தொடக்கத்தில் அவர் ஒரு தோழிக்கு போன் போடுவதும், தோழி சலித்துப்போய் வைத்துவிடுவதும் வழக்கம். வெறும் வேடிக்கை இல்லை அது. பிறர் வீட்டு விவகாரத்தில் மூக்கை நுழைக்கப் போகிறவர் முதலில் தானே மூக்குடைபடுகிறார், அதனால் நாம் பொறுத்துக்கொள்கிறோம். இந்தச் சுயகேலி கைவராதவர்கள் குறைவாகப் பேசுவது உத்தமம்.

இந்த வழி கெட்டுப்போவது பெரும்பாலும் ஒரே இடத்தில், குரல் துண்டுக்கு முந்தைய வரியில். ஓர் எடுத்துக்காட்டு. பதிவில் இருப்பது அண்ணன் கேட்கும் ஒற்றைச் சொல்: "சாப்டியா?" அதற்கு முன் கதைசொல்லி, "பத்தாண்டுக் கோபத்தை மறந்து அண்ணன் பாசத்தோடு விசாரித்தார்" என்று எழுதினால் தீர்ந்தது. துண்டு சொல்ல வேண்டியதை அவரே சொல்லிவிட்டார், கேட்பவருக்குச் செய்ய ஒன்றும் மிச்சமில்லை. மாறாக: "இருவரும் கடைசியாக ஒரே கூரையின் கீழ் இருந்தது அம்மாவின் பதினாறாம் நாள் காரியத்தில். பந்தியில் இலை போட்ட பிறகு தம்பி எழுந்து போனார்." இதற்குப் பின் அந்த "சாப்டியா?" வரட்டும். கதைசொல்லியின் வேலை பழைய கணக்கைக் கையில் கொடுப்பது, உணர்ச்சிக்குப் பெயர் வைப்பதல்ல.

தமிழில் செய்பவர்களுக்குக் கூடுதல் சிக்கல் உண்டு. குடும்பம் பேச்சுத் தமிழில் அழும், கதைசொல்லி செய்தி வாசிக்கும் தமிழில் பேசுவார். ஒட்டாது. வாய்விட்டுச் சொல்லிப் பார்த்து, மூச்சு முட்டும் வாக்கியத்தை இரண்டாக உடையுங்கள். வெட்டும்போதும் கவனம் தேவை. நம் வாக்கியத்தில் வினை கடைசியில் வருகிறது. "அவன மன்னிக்க முடி..." என்று அரை நொடி முன்னால் வெட்டினால் முடியுமா, முடியாதா என்பதே போய்விடும். "நீங்க" என்று ஆரம்பித்தவர் எந்த நிமிடத்தில் "நீ"க்கு வந்தார் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். பல சமயம் அதுதான் அத்தியாயத்தின் உச்சம்.

பதிவுக்கு வருவோம். சந்திப்புக்கு முன் இருவரையும் தனித்தனியாகப் பேட்டி எடுத்து, ஒரே கேள்வியைக் கேளுங்கள்: கடைசியாகப் பேசியது எப்போது, என்ன பேச்சு? இரண்டு பதில்களும் பெரும்பாலும் பொருந்தாது. அடுத்தடுத்து வைத்தால் கதைசொல்லி வாய் திறக்காமலே பிரிவு புரிந்துவிடும். ஒருவர் சொன்னதை மற்றவரிடம் கொண்டுபோகக் கூடாது, இருவர் சம்மதமும் முன்கூட்டியே வேண்டும்.

ஆளுக்கொரு காலர் மைக், ஒவ்வொரு குரலும் தனித்தனி டிராக்கில், பதிவுத் தரம் 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட். இதை மட்டும் நம்பினால், கட்டிப்பிடிக்கும் தருணத்தில் மைக் துணியில் நசுங்கி வெறும் உரசல்தான் பதிவாகும். எதற்காகப் போனோமோ அந்த இடம் போச்சு. ஆகவே ஒரு மீட்டர் தள்ளி இன்னொரு ரெக்கார்டர் ஓடட்டும். மின்விசிறியை நிறுத்துங்கள், இல்லையென்றால் ஒவ்வொரு வெட்டிலும் அதன் இரைச்சல் குதிக்கும். யாரும் பேசாமல் அறையின் வெற்று ஒலியை ஒரு நிமிடம் எடுத்துவையுங்கள், ஒட்டுப்போட உதவும்.

எடிட்டிங்கில் மிகவும் தப்பாகக் கையாளப்படுவது மௌனம். "என்ன மன்னிச்சிடு" என்பதற்கும் "சரி விடு" என்பதற்கும் நடுவே ஏழு நொடி இருந்ததென்றால், அதை ஒன்றரை நொடியாக்குவது வெறும் சுருக்கம் ஆகாது. தயங்கிக் கொடுத்த மன்னிப்பு, தாராளமாகக் கொடுத்ததாக மாறிவிடுகிறது. இல்லாத மௌனத்தை நீட்டுவதும் அதே பொய்தான். நிமிடம் குறைக்க வேண்டுமா, கதைசொல்லியின் வரியில் கைவையுங்கள். அழுகைக்கு அடியில் இசை வேண்டாம். பேசி முடித்த பிறகு வரட்டும், அதுவும் மெல்ல. முடித்த கோப்பின் ஒலியளவு ஸ்டீரியோவுக்கு -16 எல்யூஎஃப்எஸ் (காதுக்குக் கேட்கும் சத்தத்தை அளக்கும் அலகு) பக்கம் இருந்தால் போதும். முணுமுணுப்பைத் தூக்கிவிட்டு அழுகையை அமுக்கும் அளவுக்கு கம்ப்ரஸர் (சத்தத்தின் ஏற்ற இறக்கத்தைக் குறைக்கும் கருவி) போட்டால் வீட்டுக்குள் நடந்த பேச்சு விளம்பரம் போல ஒலிக்கும்.

சமாதானமே ஆகாவிட்டால்? முதல் வழியில் அத்தியாயமே கிடையாது. இரண்டாவதில் உண்டு, கதைசொல்லி வாசல்வரை போய்த் திரும்பியதைச் சொல்லலாம். ஆனால் கதவு திறந்துவிட்டால் அந்தக் காட்சி முடியும்வரை அவர் குரல் வரக்கூடாது. விடைபெற்ற பின்னும் ரெக்கார்டரை அணைக்காதீர்கள். "கடைசி பஸ் எத்தன மணிக்கு?" "இருடா, நான் வண்டில கொண்டாந்து விடுறேன்." கடைசித் துண்டு பெரும்பாலும் அங்கேதான் கிடைக்கும்.