கைரேகை மிஷினில் பணம் எடுப்பது: ஏலத்தோட்ட வேலைக்காரியின் அனுபவம்

கம்பம்மெட்டு வழியாகக் கேரள ஏலத்தோட்டங்களுக்குப் போகும் ஜீப் விடியும் முன்பே கிளம்பிவிடும். திரும்பி இறங்கும்போது பொழுது சாய்ந்திருக்கும். கம்பத்தில் வங்கிக்குப் பஞ்சமில்லை. ஆனால் நாங்கள் ஊரில் இருக்கும் நேரத்தில் அவை திறந்திருப்பதில்லை. பணம் எடுக்கப் போனால் ஒருநாள் கூலி போய்விடும். 2014-இல் ஜன்தன் திட்டம் வந்தபோது எங்களுக்கும் கணக்கு கிடைத்தது, இந்த நேரச் சிக்கல் மட்டும் தீரவில்லை. தீர்த்து வைத்தது, சாயங்காலமும் திறந்திருக்கும் கடையிலுள்ள கைரேகை மிஷின்தான்.

பல வருடமாக அதில்தான் எடுக்கிறேன். ஆதார் எண், வங்கியின் பெயர், விரல், அவ்வளவுதான். ஒரு தடவைக்கு 10,000 ரூபாய் வரை எடுக்கலாம். தமிழ்நாட்டுக் கணக்கில் இருக்கும் பணத்தை இடுக்கியில் இருக்கும் கடையிலும் எடுக்க முடியும். லயத்திலேயே (தோட்டத்துத் தொழிலாளர் குடியிருப்பு) தங்கி வேலை பார்ப்பவர்களுக்கு இது பெரிய உதவி.

தொல்லை விரலில்தான். காய் எடுத்து எடுத்து ரேகை தேய்ந்த கையை மிஷின் லேசில் ஏற்காது. சோப்புப் போட்டுக் கழுவி, ஈரம் போகத் துடைத்து, ஒவ்வொரு விரலாக வைத்துப் பார்க்க வேண்டும். என் அம்மாவுக்கு எந்த விரலும் விழவில்லை. ஆதார் மையத்தில் ரேகையைப் புதுப்பித்த பிறகுதான் சரியானது.

அப்புறம் ஸ்லிப். "சர்வர் கிடைக்கலக்கா, இன்னொரு தடவை விரல் வைங்க" என்று சொன்னால், முதல் தடவைக்கான ஸ்லிப்பைக் கேட்டு வாங்கிய பிறகு வையுங்கள். எனக்கு ஒருமுறை கணக்கில் பணம் கழிந்து, கைக்கு வரவில்லை. ஸ்லிப் இருந்ததால் கிளையில் புகார் கொடுத்தேன், பணம் திரும்பி வந்தது. பத்து, இருபது என்று கமிஷன் கேட்டாலும் கொடுக்காதீர்கள். மிஷின் வைத்திருக்கும் கடைக்காரர் வங்கியின் முகவர். அவருக்குக் கமிஷன் தருவது வங்கி. அவர் வாடிக்கையாளரிடம் நேரடியாகக் கட்டணம் வாங்க ரிசர்வ் வங்கியின் அனுமதி இல்லை.

கடன் விஷயத்தில்தான் எனக்குக் கோபம். ஜன்தன் கணக்கில் தகுதியுள்ளவர்களுக்கு 10,000 ரூபாய் வரை ஓவர்டிராஃப்ட், அதாவது கணக்கில் பணம் இல்லாவிட்டாலும் எடுத்துக்கொள்ளும் கடன் உண்டு. எங்கள் தெருவில் பலருக்கு அது தெரியாது. தெரிந்தாலும், கேட்பதற்கு வேலையை விட்டுவிட்டுப் பகலில் கிளைக்குப் போக வேண்டும். தனியார் குழுக்கடன்காரர்களோ ஜீப் கிளம்பும் முன்பே தெருவுக்கு வந்து நிற்கிறார்கள். எங்கள் நேரம் அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. ஓவர்டிராஃப்ட் விண்ணப்பத்தையும் இதே மிஷின் கடையில் சாயங்காலம் வாங்கிக்கொள்ள வங்கிகள் ஏற்பாடு செய்ய வேண்டும்.