டிஸ்கார்டில் ஏஎஃப்கே: தானாக விலகுவதா, மாடரேட்டர் ரீசெட் செய்வதா?

டிஸ்கார்ட் என்ற அரட்டைச் செயலியில் எங்கள் சர்வரில் (குழுவில்) 60 சொச்சம் பேர். வார இறுதியில் ஆன்லைன் செஸ் அணிப் போட்டி ஆடுவோம். யார் ஊரில் இல்லை, யாருக்குப் பரீட்சை என்று தெரியாமல் கேப்டனால் போர்டு பிரிக்க, அதாவது யார் எந்தப் பலகையில் ஆடுவது என்று முடிவு செய்ய முடியாது. அதற்காகத்தான் ஏஎஃப்கே (away from keyboard, "இப்போது இங்கே இல்லை" என்ற அறிவிப்பு) வசதியுள்ள பாட் ஒன்றை, அதாவது தானியங்கி நிரல் ஒன்றைச் சேர்த்தோம். அதைச் சேர்ப்பது ஐந்து நிமிட வேலை. போட்ட ஏஎஃப்கேயை யார் நீக்குவது என்பதில்தான் நான் மூன்று மாதம் அல்லாடினேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், புதியவர்கள் குழம்புவது இங்கேதான். பெயருக்குப் பக்கத்தில் வரும் அந்த மஞ்சள் நிலா டிஸ்கார்டே போடுவது, எந்த பாட்டும் அதைத் தொட முடியாது. பாட்டின் ஏஎஃப்கே என்பது அதன் தரவுத்தளத்தில் கிடக்கும் ஒரு குறிப்பு, அவ்வளவுதான். யாராவது உங்களை டேக் செய்தால் அந்தக் குறிப்பை எடுத்துக் காட்டும். ரீசெட் செய்தால் போவதும் அந்தக் குறிப்புதான், நிலா அப்படியே இருக்கும்.

ரோல் (டிஸ்கார்டில் உறுப்பினருக்குக் கொடுக்கும் பட்டம்) கொடுத்து "விடுப்பு" என்று குறிக்கும் முறையையும் இரண்டு வாரம் பார்த்தோம். கொடுப்பதற்கும் எடுப்பதற்கும் ஆள் வேண்டும், டேக் செய்தால் பதிலும் வராது. விட்டுவிட்டோம்.

அப்புறம் மிஞ்சியது இரண்டு. உறுப்பினர் ஒரு மெசேஜ் போட்டதும் ஏஎஃப்கே தானாகவே நீங்குவது ஒன்று. மாடரேட்டர் (சர்வரை மேற்பார்ப்பவர்) ரீசெட் கட்டளை கொடுத்து அடுத்தவரின் ஏஎஃப்கேயை நீக்குவது மற்றொன்று. டைனோ மாதிரியான பாட்களில் இரண்டுமே உண்டு, ஆனாலும் எதை நம்பி சர்வரை நடத்துவது என்று முடிவெடுத்தாக வேண்டும். நான் ரீசெட் கட்டளையின் பக்கம்.

தானாக நீங்குவது கேட்க நன்றாகத்தான் இருக்கும், பேசுகிறவர்களுக்கு அது போதும். ஆனால் ஒரு சர்வரில் எத்தனை பேர் பேசுகிறார்கள்? பாதிப் பேர் படிப்பார்கள், ஒரு தம்ஸ்-அப் போடுவார்கள், வாய்ஸ் சேனலுக்கு வந்து மணிக்கணக்காக உட்கார்ந்திருப்பார்கள், எழுத மட்டும் மாட்டார்கள். நாங்கள் வைத்திருக்கும் பாட்டுக்கு எழுதிய மெசேஜ்தான் கணக்கு. எங்கள் மூன்றாம் போர்டு ஆட்டக்காரர் "செமஸ்டர், 12ஆம் தேதி வருவேன்" என்று போட்டுவிட்டுப் போனார். சொன்னபடி 12ஆம் தேதி வந்தார், எல்லாவற்றையும் படித்தார், எதுவும் எழுதவில்லை. மாதக் கடைசியில் கேப்டன் அவரை டேக் செய்ததும் அதே பழைய வரி வந்தது. கேப்டன் போர்டை மாற்று ஆட்டக்காரருக்குக் கொடுத்துவிட்டார். "அண்ணே, நான் ரெண்டு வாரமா இங்கதானே இருக்கேன்" என்று அவர் கேட்டபோது என்னிடம் பதில் இல்லை. பழைய ஏஎஃப்கே பொய்த் தகவல், அதை நம்பியதால் ஒருவர் தன் போர்டை இழந்தார். என்னைப் பொறுத்தவரை முடிவு அங்கேயே ஆகிவிட்டது.

தானாக நீங்குவதில் இதற்கு நேர் எதிரான தொல்லையும் உண்டு. ஊரில் இருப்பவர் பேருந்தில் போகும்போது ஒரு "வாழ்த்துகள்" போட்டாலே ஏஎஃப்கே போய்விடும், ஆள் வந்துவிட்டார் என்று எல்லோரும் நினைப்பார்கள். குறிப்பிட்ட சேனல்களைக் கணக்கில் எடுக்காதே என்று சில பாட்களிடம் சொல்லலாம். அரட்டை சேனலை அப்படி ஒதுக்கியதில் எங்களுக்குப் பாதித் தொல்லை குறைந்தது.

பெயருக்கு முன்னால் அடைப்புக்குறி போட்டு ஏஎஃப்கே என்று ஒட்டும் வசதியை மட்டும் அணைத்துவிடுங்கள். சர்வர் உரிமையாளரின் பெயரையோ, தன் ரோலுக்கு மேலே இருப்பவர்களின் பெயரையோ பாட்டால் மாற்ற முடியாது, பெயருக்கு 32 எழுத்து வரம்பு வேறு. நாங்கள் முன்பு வைத்திருந்த பாட்டை நீக்கியபோது ஏழு பேர் பெயரில் அந்த ஒட்டு அப்படியே நின்றது, ஒவ்வொன்றாகக் கையால் அழித்தேன்.

ஐஆர்சி என்ற பழைய இணைய அரட்டை முறையில் பழக்கம் உள்ளவர்களுக்கு இதெல்லாம் விசித்திரமாகத் தெரியலாம். அங்கே அவே (away, "இங்கே இல்லை") நிலை சர்வரிலேயே இருக்கும், செய்தி இல்லாமல் வெறும் அவே கட்டளை கொடுத்தால் நீங்கிவிடும், இணைப்பை விட்டு வெளியேறினாலும் போய்விடும். அதனால் பவுன்சர் (ஆள் போன பிறகும் இணைப்பை விடாமல் வைத்திருக்கும் நிரல்) வைத்திருப்பவர்களைத் தவிர மற்றவர்களிடம் பழைய அவே தேங்குவது அரிது. டிஸ்கார்டில் ஆளே வெளியேறினாலும் பாட்டின் குறிப்பு கிடக்கும், யாராவது கூட்டிப் பெருக்கத்தான் வேண்டும்.

ரீசெட்டிலும் குறை உண்டு. உண்மையிலேயே ஊரில் இல்லாதவரின் குறிப்பை நான் ஒருமுறை அவசரத்தில் அழித்துவிட்டேன், பாவம், அவருக்கு அன்று பத்து டேக். இப்போது வெள்ளிக்கிழமை மாலை, தேதி கடந்த குறிப்புகளை மட்டும் பார்த்து, அந்த ஆளுக்கு "வந்தாச்சா?" என்று ஒரு வரி தனியாகப் போட்டுவிட்டு, பதில் வந்த பிறகுதான் ரீசெட். பத்து நிமிடம் ஆகிறது. ஆயிரம் பேர் உள்ள சர்வரில் இது ஓடுமா என்பதை நடத்திப் பார்த்தவர்கள்தான் சொல்ல வேண்டும், என் அனுபவம் இந்த 60 பேரோடு சரி. கட்டளைக்கான அனுமதியை கேப்டன் ரோலுக்கும் கொடுத்திருக்கிறேன், போர்டு பிரிக்கும் நேரத்தில் என்னைத் தேட வேண்டியதில்லை.