கரண்ட் வைத்த தோலும் ஜாக்கெட்டின் கக்கத் தையலும்

திருமங்கலத்தில் இருக்கும் தோழி ஒருத்திக்கு மார்பகத்தில் கட்டி எடுத்தாகிவிட்டது, அடுத்து கரண்ட் வைக்கப் போகிறார்கள், அதாவது கதிர்வீச்சு சிகிச்சை. "அக்கா, நீங்க என்ன கிரீம் போட்டீங்க? பேரை மட்டும் சொல்லுங்க" என்று போனில் கேட்டாள். பேரை மட்டும் சொல்லி போனை வைக்க எனக்கு மனசு வரவில்லை. எனக்கு அதே சிகிச்சை முடிந்து சில கோடைகள் தாண்டிவிட்டன. இன்றைக்கும் எனக்கு ஆத்திரம் இருப்பது ஜாக்கெட் மேல்தான்.

சரி, கேட்டதற்கு முதலில் பதில். நான் போட்டது வாசனை சேர்க்காத சாதாரண மாய்ஸ்சரைசர். வறண்ட தோலுக்கு என்று கேட்டால் எந்த மருந்துக்கடையிலும் கொடுப்பார்கள். தோல் சிவக்கட்டும் என்று காத்திருக்காமல் முதல் நாளிலிருந்தே போட்டேன். மெஷினுக்குப் போகும்முன் கெட்டியாக அப்பிக்கொள்ளக் கூடாது. வீட்டுக்கு வந்ததும் ஒரு தடவை, படுக்கும்முன் ஒரு தடவை, அழுத்தித் தேய்க்காமல் பூசிவிட வேண்டும். அரிப்பு தாங்காமல் போனபோது டாக்டர் மொமெட்டாசோன் என்ற கிரீம் எழுதிக் கொடுத்தார், நன்றாகக் கேட்டது. ஆனால் அது ஸ்டீராய்டு. டாக்டரைக் கேட்காமல் நாமே வாங்கிப் போடக் கூடாது, தோல் உரிந்த இடத்தில் போடவே கூடாது.

கற்றாழை தடவு, மஞ்சள் அரைத்துப் போடு, ஐஸ் வை என்று வருகிறவர்கள் எல்லாம் சொல்லுவார்கள். அன்பில் சொல்வதுதான். ஆனால் 2002ல் ஆஸ்திரேலியாவில் கற்றாழை ஜெல்லையும் சாதாரண கிரீமையும் மார்பகப் புற்றுநோய்ப் பெண்களிடம் ஒப்பிட்டுப் பார்த்தபோது, தோல் வறண்டு உரிவதைத் தடுப்பதில் சாதாரண கிரீமே மேலாக இருந்தது. மஞ்சளும் ஐஸும் அந்தத் தோலுக்கு ஆகாது. குளிக்கவே கூடாது என்பதும் பழைய பேச்சு. வெதுவெதுப்பான தண்ணீரும் மென்மையான சோப்பும் போதும். கரண்ட் வைக்கும் இடத்தைக் காட்ட மார்க்கரில் போட்ட கோடுகளைத் தேய்க்காமல் ஒற்றித் துடைக்க வேண்டும். அழிந்துவிட்டால் நாமே வரைந்துகொள்ளாமல் மெஷின் அறையில் சொன்னால் திரும்பப் போட்டுவிடுவார்கள்.

இனி ஜாக்கெட். நம் ஊர் ஜாக்கெட்டின் கக்கத்தை ஒரு தடவை உள்பக்கம் திருப்பிப் பாருங்கள். பக்கத் தையலும் கைத் தையலும் அங்கேதான் சந்திக்கின்றன. லைனிங் வேறு சேர்ந்துகொள்ள, அந்த இடத்தில் துணி மடிமடியாகத் தடித்து, மேலே ஓவர்லாக் நூல் முள்முள்ளாக நிற்கும். நல்ல தோலுக்கு அது தெரியாது. கரண்ட் வைத்த தோலில் கையைத் தூக்கும்போதெல்லாம் அது அரம் மாதிரி ராவுகிறது. கக்கமும் மார்புக்குக் கீழ் மடிப்பும்தான் முதலில் வியர்த்து, ஊறி, உரிகிற இடங்கள். மதுரை வெயிலில், அதுவும் அக்னி நட்சத்திரத்தில், பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போய் வருகிற பெண்ணுக்கு இது எவ்வளவு பெரிய கொடுமை! ஆஸ்பத்திரியில் கொடுத்த தாளில் 'தளர்வான பருத்தி ஆடை' என்று ஒரே வரி. நம் பெண்கள் வெளியே போட்டுப் போகிற ஜாக்கெட் எப்போது தளர்வாக இருந்திருக்கிறது? கக்கத்தை இறக்கி, தையலை வெளிப்பக்கம் வைத்துத் தைத்துக் கொடுங்கள் என்று டைலரிடம் கேட்டேன். "ஃபிட்டிங் போயிரும்மா" என்றார். போகட்டும் என்றுதானே கேட்கிறேன்! கடைசியில் நானே பிரித்துத் தைத்துக்கொண்டேன்.

எனக்கு உண்மையில் சுகம் கொடுத்தது ஒரு பழைய சுங்குடிச் சேலை. புதுச் சேலை உதவாது, கஞ்சி மொடமொடப்பு இருக்கும். துவைத்துத் துவைத்து நைந்துபோன துணியைக் கிழித்து, மார்புக்குக் கீழ் மடிப்பில் தோலோடு தோல் ஒட்டாமல் வைத்துக்கொண்டேன். நனைந்தால் எடுத்துவிட்டு வேறு துண்டு. வீட்டில் பிரா கிடையாது, முன்பக்கம் திறக்கிற தொளதொள நைட்டிதான். ராத்திரி முதல் தடவையாக எரிச்சல் இல்லாமல் தூங்கியது அந்தத் துணி வைத்த பிறகுதான்.

இன்னொன்று, அவளிடம் அழுத்திச் சொன்னேன். இப்போது பலருக்கு 15 முறை, 3 வாரத்தில் முடித்துவிடுகிறார்கள். சிலருக்கு 25 முறை, 5 வாரம். முடிந்த அன்று வீட்டில் எல்லோரும் அப்பாடா என்பார்கள். தோல் அன்றைக்கு அடங்காது. மெஷின் நின்று ஒன்றிரண்டு வாரம் வரைக்கும் எரிச்சல் கூடிக்கொண்டே போகும், அப்புறம்தான் ஆறத் தொடங்கும். கூடவே வந்த ஆட்கள் வேலைக்குத் திரும்பிவிடுகிற நேரமும் அதுதான். அந்த வாரங்களில் சமையலுக்கு யாரையாவது கூட வைத்துக்கொள் என்றேன். நீர் கசிந்து நாற்றம் வந்தாலோ காய்ச்சல் அடித்தாலோ அடுத்த செக்கப் வரை காத்திருக்கக் கூடாது, அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட வேண்டும்.

எனக்கு உரிந்த தோல் சில வாரங்களில் மூடிவிட்டது. கருமை மட்டும் மாதக்கணக்கில் இருந்தது, இப்போதும் கழுத்தோரம் லேசாகத் தெரியும். வெயிலில் போனால் அந்த இடத்தை முந்தானையால் மூடிக்கொள்கிறேன், எஸ்பிஎஃப் 30க்கு மேல் உள்ள சன்ஸ்கிரீனும் உண்டு. அந்தக் கக்கத்தில் வியர்வை குறைந்துவிட்டது, தோல் இன்னும் வறட்சிதான்.

கிரீம் எப்படி என்றால், குறை சொல்ல ஒன்றுமில்லை. விலை கட்டுப்படி, எரியவில்லை, சொன்ன வேலையைச் செய்தது. ஆனாலும் நான் இனி அதை வாங்க மாட்டேன். அந்த டியூபைப் பார்த்தாலே மெஷின் அறையின் குளிர் உடம்பில் ஏறுகிறது. இப்போது வேறொன்று போடுகிறேன், அதைவிடச் சுமார்தான். அவளுக்குப் பேரை அனுப்பிவிட்டேன், தாராளமாக வாங்கட்டும். ஆனால் அதற்கு முன்னால் இரண்டு ஜாக்கெட்டை எடுத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுக்கு வரச் சொல்லியிருக்கிறேன், கக்கத்தைப் பிரித்துத் தைத்துக் கொடுக்க.