ஒரே பூட்டா, பகுதிக்கொரு பூட்டா?

லினக்ஸில் புதிதாகக் கேட்டு வாங்கிய நினைவகத்தை ஒரு த்ரெட் (நிரலுக்குள் தனியே ஓடும் வேலை இழை) முதன்முறை தொட்டால் பேஜ் ஃபால்ட் வரும்; அதாவது அந்த முகவரிக்கு இன்னும் நிஜ நினைவகம் இல்லை, லினக்ஸின் மையமான கெர்னல்தான் ஒதுக்கித் தர வேண்டும். பழைய ஏற்பாட்டில் அதற்கு எம்மேப் லாக் என்கிற, பிராசஸின் முகவரி வரைபடத்தைக் காக்கும் பூட்டைப் பிடிக்க வேண்டும். மொத்த பிராசஸுக்கும் அது ஒன்றே ஒன்று. 50 த்ரெட்கள் சேர்ந்து ரீட் முறையில் (வரைபடத்தைப் படிக்க மட்டும்) பிடிக்கலாம், பரவாயில்லை. ஆனால் ஒரு த்ரெட் புது நினைவகம் கேட்க எம்மேப் அழைத்து, பூட்டை ரைட் முறையில் (வரைபடத்தை மாற்ற) கேட்டால் போதும், வேறெங்கோ தொடுகிற த்ரெட்களும் வரிசையில் நிற்கும்.

2023-இல் வந்த 6.4 கெர்னல் ஒவ்வொரு முகவரிப் பகுதிக்கும், அதாவது விஎம்ஏவுக்கும், தனிப் பூட்டு தந்தது. ஃபால்ட் வந்ததும் ஆர்சியூ (பூட்டில்லாமல் படிக்க உதவும் முறை) துணையோடு, பகுதிகளை அடுக்கி வைத்திருக்கும் மேப்பிள் மரத்தில் தேடி, அந்தப் பகுதியை மட்டும் பூட்டுகிறது. முடியவில்லையா? சரி, பழைய பூட்டுக்கே திரும்பிவிடும்.

வந்த புதிதில் பிராசஸை நகலெடுக்கும் ஃபோர்க்கோடு மோதி நினைவகத்தைக் கெடுத்ததால் கொஞ்ச நாள் அணைத்தே வைத்தார்கள். ஒற்றை த்ரெட் நிரலுக்குப் பெரிய வித்தியாசம் தெரியாது. த்ரெட் மலிந்த ஜாவா சர்வருக்கு என் ஓட்டு புதியதற்கே.