450 வாட்டிலிருந்து 650 வாட்: ஒரு எஸ்எம்பிஎஸ்ஸோடு மூன்று வருடம்

கல்யாண வீடியோ எடிட்டிங் என் தொழில். 2022 நவம்பரில், ரைசன் 5 3600 பிராசஸர் இருந்த என் சிஸ்டத்தில் ஆர்டிஎக்ஸ் 3060 டிஐ கிராபிக்ஸ் கார்டு போட்டேன். கேபினெட்டோடு வந்த 450 வாட் எஸ்எம்பிஎஸ்ஸை, அதாவது சிஸ்டத்துக்குக் கரண்ட் கொடுக்கும் பெட்டியை, மாற்றவில்லை. கார்டுக்கான 8 பின் வயர் அதில் இல்லாததால் கன்வெர்ட்டர் கேபிள் போட்டு ஓட்டினேன்.

இரண்டு நாள் ஒழுங்காக ஓடியது. மூன்றாம் நாள் ஒரு ரிசப்ஷன் வீடியோ ரெண்டர் (எடிட் செய்ததை முழு வீடியோ ஃபைலாக மாற்றுவது) ஆகிக்கொண்டிருந்தபோது சிஸ்டம் பொத்தென்று அணைந்துவிட்டது. நீலத் திரை வரவில்லை, எரர் எதுவும் இல்லை, பிளக்கைப் பிடுங்கியது போல இருந்தது. சூடுதான் காரணம் என்று நினைத்து தெர்மல் பேஸ்ட் மாற்றினேன். பக்க மூடியைக் கழற்றி டேபிள் ஃபேனைத் திருப்பி வைத்தேன். அப்போதும் ரெண்டர் பாதியில் நின்றது. மறுநாள் காலை டெலிவரி. அந்த இரவை நினைத்தால் இன்னும் பதற்றமாக இருக்கிறது.

கடைசியில் எஸ்எம்பிஎஸ்ஸைக் கழற்றி ஸ்டிக்கரைப் படித்தேன். 12 வோல்ட் கட்டத்தில் 18 ஆம்பியர் என்று இருந்தது. 12-ஐ 18-ஆல் பெருக்கினால் 216 வாட். மீதியை 5 வோல்ட், 3.3 வோல்ட் லைன்களில் சேர்த்துத்தான் 450 என்று போட்டிருக்கிறார்கள். பிராசஸரும் கார்டும் இழுப்பது பெரும்பாலும் 12 வோல்ட்டிலிருந்துதான். என் கார்டு மட்டுமே 200 வாட்.

சரி, எவ்வளவு வேண்டும்? கார்டுக்கு 200. பிராசஸர் 65 வாட் என்று சொன்னாலும் முழு லோடில் 88 வரை போகும். போர்டு, ராம், இரண்டு ஹார்டு டிஸ்க், ஃபேன் எல்லாவற்றுக்கும் ஒரு 60 வைத்தேன். மொத்தம் 350 பக்கம் வந்தது. ஆனால் இந்தக் கார்டுக்கு என்விடியா பரிந்துரைப்பது 600 வாட் எஸ்எம்பிஎஸ். காரணம் உண்டு. கார்டு கண்ணிமைக்கும் நேரத்துக்கும் குறைவாக, தன் அளவைத் தாண்டி இழுத்துவிட்டு இறங்கும். அந்தத் துள்ளலைத் தாங்காத எஸ்எம்பிஎஸ் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அணைந்துவிடும்.

கடையில், "அண்ணே, 850 போட்டுருங்க, பின்னாடி கவலையே இல்ல" என்றார்கள். 850 வாங்கினால் கரண்ட் பில் ஏறும் என்பது தவறான பயம். சிஸ்டம் கேட்பதைத்தான் அது இழுக்கும். ஆனால் அந்தக் கூடுதல் காசுக்கு எனக்கு ஒரு பயனும் இல்லை. 850-க்கு ஆகும் காசிலேயே தரமான 650 வாட் கோல்டு (கரண்டைக் குறைவாக வீணாக்கும் தரம்) எடுத்தேன். அதன் ஸ்டிக்கரில் 12 வோல்ட்டுக்கு 54 ஆம்பியர், அதாவது 648 வாட். பாதி லோடில்தான் இந்த வகை எஸ்எம்பிஎஸ் கரண்டை மிகக் குறைவாக வீணாக்கும். என் 350 அதற்குப் பக்கத்தில் நிற்கிறது.

மூன்று வருடத்தில் ஒரு ரெண்டர்கூடப் பாதியில் நிற்கவில்லை. பிளக்கில் வாட் மீட்டர் மாட்டிப் பார்த்தேன்: சும்மா இருக்கும்போது 70, ரெண்டரில் 300-ஐ ஒட்டி. சித்திரை வெயிலில்கூட ஃபேன் சத்தம் தொந்தரவாக இல்லை.

ஒரே சிக்கல், கரண்ட் போய் இன்வெர்ட்டருக்கு மாறும்போது சிஸ்டம் ரீஸ்டார்ட் ஆனது. அந்த இடைவெளியை எஸ்எம்பிஎஸ் 16 மில்லி செகண்ட் அளவுக்குத்தான் தாங்கும். இன்வெர்ட்டரின் பின்னால் இருந்த சுவிட்சை, சட்டென்று மாறும் யூபிஎஸ் மோடுக்குத் தள்ளியதும் சரியாகிவிட்டது.

அப்புறம், கேபிள். கழற்றி மாட்டும் மாடுலர் வகை என்றால் அதன் பெட்டியில் வந்த கேபிளை மட்டும் போடுங்கள். வேறு எஸ்எம்பிஎஸ்ஸின் கேபிள் கச்சிதமாக உட்கார்ந்தாலும் உள்ளே பின் வரிசை மாறியிருக்கலாம். ஹார்டு டிஸ்க் எரிந்தால் அதிலிருக்கும் கல்யாணமும் போச்சு.

அடுத்து ஆர்டிஎக்ஸ் 5070 வாங்கக் காசு சேர்க்கிறேன். அது 250 வாட், என்விடியா கேட்பது 650. அதற்கு வேண்டிய இரண்டு 8 பின் கேபிள்களும் கைவசம் இருக்கின்றன. இந்த முறை எஸ்எம்பிஎஸ்ஸை மாற்றப்போவதில்லை.