உள்நாட்டு மஸில்லோடரா, இறக்குமதியா? இரண்டையும் பல வருஷம் சுட்டுப் பார்த்தவனின் கணக்கு

என்னிடம் மூன்று மஸில்லோடர்கள் இருக்கின்றன. ஒன்று அமெரிக்கத் தொழிற்சாலையில் செய்த பழைய கேப் துப்பாக்கி (சின்ன வெடிமூடியை வைத்துத் தட்டித் தீ மூட்டுவது), ஒன்று இத்தாலியில் செய்த சக்கிமுக்கிக் கல் துப்பாக்கி, மூன்றாவது அமெரிக்கப் பாகங்களாக வாங்கி நானே கூட்டியது. மூன்றும் குழலின் வாய்வழியாக வெடிமருந்து போட்டு, துணி சுற்றிய ஈயக் குண்டை இடிகம்பியால் தள்ளிக் கெட்டிக்கிற வகைதான். புதிதாக வாங்கப் போகிறவர்கள் எல்லோரும் கேட்பது ஒரே கேள்வி: "அமெரிக்கத் தயாரிப்புக்குக் கூடுதலாகக் காசு கொடுக்கலாமா, இல்லை இத்தாலி, ஸ்பெயின் சரக்கே போதுமா?" கேப் துப்பாக்கி என்றால் இறக்குமதியே போதும், சக்கிமுக்கி என்றால் லாக், அதாவது கல்லைத் தட்டிப் பொறி எழுப்பும் அமைப்பு, எங்கே செய்தது என்று பார்த்து வாங்குங்கள். என் பதில் இவ்வளவுதான், ஆனால் காரணங்கள் கொஞ்சம் நீளம்.

முதலில் இந்த உள்நாடு, அதாவது நான் இருக்கிற அமெரிக்கா, என்கிற விஷயத்திலேயே நிறைய குழப்பம். குழலின் மேல் அமெரிக்கப் பெயர் பொறித்திருக்கும், பெட்டியில் கனெக்டிகட் முகவரி இருக்கும், வாங்குகிறவரும் உள்நாட்டுச் சரக்கு என்று நம்பி எடுத்துப் போவார். லைமன் பெயரில் பல வருஷம் விற்ற கிரேட் ப்ளெய்ன்ஸ் ரைஃபிளைச் செய்தது இத்தாலியின் இன்வெஸ்ட்ஆர்ம். ட்ராடிஷன்ஸ் கம்பெனி இருப்பது கனெக்டிகட்டின் ஓல்ட் சேப்ரூக்கில், துப்பாக்கி வருவது ஸ்பெயினிலிருந்து. சிவிஏ கதை இன்னும் வேடிக்கை: அந்தப் பெயரை விரித்தால் கனெக்டிகட் வருகிறது, கம்பெனி இப்போது ஜார்ஜியாவில், தயாரிப்பு ஸ்பெயினில். இதில் மோசடி ஒன்றுமில்லை, செய்த நாட்டின் பெயர் குழலிலேயே சின்ன எழுத்தில் இருக்கும். பெரிய எழுத்தை மட்டும் படித்துவிட்டு வாங்கினால் பாதி விஷயம்தான் தெரியும்.

உண்மையிலேயே இங்கே செய்த, கடையில் கிடைத்த, நடுத்தர விலைத் துப்பாக்கி என்றால் தாம்சன்/சென்டரின் ஹாக்கனைத்தான் சொல்ல வேண்டும். 1970-இல் நியூ ஹாம்ப்ஷயரின் ராச்செஸ்டரில் தொடங்கியது. செயின்ட் லூயிஸில் ஹாக்கன் சகோதரர்கள் செய்த அசல் துப்பாக்கிக்கும் இதற்கும் பெயரைத் தாண்டி அதிக ஒற்றுமை கிடையாது. அசல் நீளம், கனம், பித்தளைப் பளபளப்பு இல்லாதது. ஆனால் 28 அங்குலக் குழலும் வால்நட் கட்டையும் சுருள் ஸ்பிரிங் லாக்குமாக, எத்தனையோ பேர் இந்தப் பொழுதுபோக்குக்குள் வந்தது இதன் வழியாகத்தான். 2007-இல் ஸ்மித் அண்டு வெஸன் அந்தக் கம்பெனியை வாங்கியது, பிறகு ஹாக்கன் தயாரிப்பு நின்றது, 2021-இல் அந்தப் பிரிவையே விற்கப் போவதாக அறிவித்தார்கள். ஆகவே இன்று "அமெரிக்க ஹாக்கன்" வேண்டுமென்றால் பழையதாகத்தான் தேட வேண்டும். என்னுடையதும் அப்படி வந்ததே. கேப் வைத்துக் குதிரையை இழுத்தால் வெடிக்கும், அதைத் தவிர அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. ஒரு கருவிக்கு இதைவிட நல்ல சான்றிதழ் தேவையா?

அதே வகை இத்தாலிய கேப் துப்பாக்கி ஒன்றை நண்பர் வைத்திருக்கிறார், இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பல தடவை சுட்டிருக்கிறோம். குறி விஷயத்தில் நாட்டை வைத்து ஒரு வித்தியாசமும் சொல்ல முடியாது. வித்தியாசம் வருவது குழலுக்குள் குண்டைச் சுழல வைக்கிற வரிகளின் முறுக்கில். என்னுடையது 48 அங்குலத்துக்கு ஒரு சுற்று, உருண்டைக் குண்டுக்கும் நீளக் குண்டுக்கும் பொதுவாக வைத்த நடுவாந்திரம். அவருடையது 60 அங்குலத்துக்கு ஒரு சுற்று, உருண்டைக் குண்டுக்கே அமைந்தது; துணி சுற்றிய குண்டு அதில் அழகாகப் போகும், நீளக் குண்டைப் போட்டால் கண்ட இடத்துக்கு ஓடும். வாங்குமுன் எந்தக் குண்டு சுடப் போகிறோம் என்று முடிவு செய்துகொண்டால் பாதித் தலைவலி போய்விடும்.

இறக்குமதிக்கு ஒரு உண்மையான சாதகம் இருக்கிறது, அதை இங்கே பலர் பேசுவதே இல்லை. இத்தாலியிலும் ஸ்பெயினிலும் ஒவ்வொரு துப்பாக்கியையும் அரசு அங்கீகரித்த சோதனைச் சாலையில் அதிக மருந்து போட்டுச் சுட்டுப் பார்த்த பிறகே விற்க முடியும். அமெரிக்காவில் அப்படிக் கட்டாயச் சட்டம் இல்லை, தயாரிப்பாளரின் சொந்தச் சோதனையை நம்ப வேண்டியதுதான். இத்தாலியக் குழலைக் கட்டையிலிருந்து கழற்றி அடிப்பக்கம் பாருங்கள்: நட்சத்திரத்தின் கீழே பிஎன் என்று இரண்டு எழுத்து இருந்தால் கருமருந்துச் சோதனையில் தேறியது என்று பொருள், பக்கத்தில் சின்னக் கட்டத்துக்குள் இருக்கும் குறி எந்த வருஷம் சோதித்தது என்று சொல்லும். பழைய துப்பாக்கியை "அபூர்வம்" என்று சொல்லி விலை ஏற்றுகிறவரிடம் இந்தக் கட்டத்தைக் காட்டினால் பேச்சு குறைந்துவிடும்.

சரி, சிக்கல்கள். முதல் சிக்கல் மரை. தாம்சன்/சென்டரின் நிப்பிள் (கேப் உட்காருகிற சின்ன முளை) கால் அங்குல மரை, அங்குலத்துக்கு 28 சுற்று. ஐரோப்பியத் துப்பாக்கிகளில் பெரும்பாலும் 6 மி.மீ., ஒரு மி.மீ. இடைவெளி. கையில் வைத்துப் பார்த்தால் இரண்டும் ஒன்று போலவே இருக்கும், கால் அங்குலம் என்பது 6.35 மி.மீ. தானே. பெரியதைச் சின்னத் துளையில் அழுத்தித் திருகினால் மரை நாசம். சின்னதைப் பெரிய துளையில் திருகினால் ஒன்றிரண்டு சுற்று பிடித்த மாதிரி பாவனை காட்டும், ஆனால் பிடிப்பு இருக்காது. சுடும்போது அது பிய்த்துக்கொண்டு பின்னால் வந்தால் எதிரே இருப்பது உங்கள் கண். அதனால் மாற்று நிப்பிள்களை நான் தனித்தனி டப்பாவில் வைத்து மேலே அளவு எழுதியிருக்கிறேன். பழையதாக வாங்குகிறவர்கள், முந்தைய சொந்தக்காரர் எந்த நிப்பிளைத் திருகினாரோ என்று ஒரு தடவை கழற்றிப் பார்த்துவிட்டே சுடவும்.

இரண்டாவதுதான் பெரிய விஷயம், சக்கிமுக்கி லாக். நான் இருக்கிற பென்சில்வேனியாவில் கிறிஸ்துமஸ் முடிந்ததும் ஜனவரி வரை சக்கிமுக்கிக் கல் துப்பாக்கிக்கென்றே தனி மான் வேட்டைக் காலம் உண்டு, 44 காலிபருக்குக் குறையக்கூடாது, கேப் துப்பாக்கி கூடாது. அதனால் இங்கே பலர் ஒரு மலிவான இறக்குமதிச் சக்கிமுக்கியோடு ஆரம்பிக்கிறார்கள். நானும் அப்படி ஒன்றை வாங்கினேன். பெயர் வேண்டாம், கட்டையும் குழலும் குறை சொல்ல முடியாதவை. ஆனால் பிரிசன், அதாவது கல் உரசுகிற அந்த நிமிர்ந்த எஃகுத் தகடு, கடினம் இல்லாமல் மென்மையாக இருந்தது. புதுக் கல் வைத்தால் முதல் சில தடவை பொறி பறக்கும், அப்புறம் கல்லின் முனை தகட்டில் வாய்க்கால் மாதிரிக் கோடு கிழிக்க ஆரம்பிக்கும். நல்ல பிரிசனில் பொறி வெள்ளையாகச் சீறிக்கொண்டு, பற்றவைக்கிற மருந்து இருக்கும் கிண்ணியில் விழும். இதில் மங்கிய சிவப்பாகக் கிளம்பிப் பாதி வழியிலேயே அணைந்துவிடும். குளிரில் மான் நிற்கிற இடத்தைப் பார்த்தபடி "க்ளக்" என்ற சத்தத்தை மட்டும் கேட்பது எவ்வளவு எரிச்சல் என்று பட்டவர்களுக்குத் தெரியும். மானுக்கும் அந்தச் சத்தம் தெரியும்.

கடையிலேயே இதைச் சோதிக்கலாம். விற்பவரின் அனுமதியோடு பிரிசனின் ஓரத்தில், கல் படாத இடத்தில், ஒரு சின்ன அரத்தை லேசாக இழுங்கள். வழுக்கிக்கொண்டு போனால் கடினம் இருக்கிறது. கடித்துப் பிடித்தால் வேண்டாம் என்று வைத்துவிடலாம், அல்லது மறுபடி கடினப்படுத்தும் செலவையும் விலையில் சேர்த்துப் பேசலாம். எல்லா இறக்குமதியும் இப்படியென்று சொல்லவில்லை. விலை கூடின இத்தாலியத் துப்பாக்கிகளில் அருமையான பொறி விடுகிற லாக்குகளைப் பார்த்திருக்கிறேன். ஆனால் அந்த விலைக்குப் போய்விட்டால் "இறக்குமதி மலிவு" என்ற வாதமே நிற்காது.

எனக்கு வழி காட்டியது தென் கரோலினாவின் எல் அண்டு ஆர் லாக் கம்பெனி. பிரபலமான தொழிற்சாலைத் துப்பாக்கிகளுக்குப் பொருந்தும்படி மாற்று லாக்குகள் செய்கிறார்கள். அப்படியே மாட்டிவிடலாம் என்று நினைக்க வேண்டாம், உள்ளே கட்டையைக் கொஞ்சம் செதுக்க வேண்டியிருக்கும். கரிபூசிய லாக்கை உள்ளே அழுத்தி, கறுப்பு ஒட்டிய இடத்தை மட்டும் சீவி, மறுபடி அழுத்திப் பார்த்து, இப்படியே ஒரு மாலைப்பொழுது போகும். மாற்றியதும் அதே துப்பாக்கி வேறு துப்பாக்கியாகிவிட்டது. ஆனால் கூட்டிக் கழித்தால், முதல் விலையும் லாக் விலையும் சேர்ந்து, நல்ல உள்நாட்டுச் சாமான் விலைக்குப் பக்கத்தில் வந்துவிடுகிறது. மலிவு என்பது ரசீதின் முதல் வரியில் மட்டும்தான் இருந்தது.

அதனால்தான் அடுத்தது ஒஹாயோவின் கிப்ளர் செய்கிற பாகத் தொகுப்பு. கணினி இயந்திரத்தில் கட்டை வெட்டி, லாக் உட்காரும் குழிவரை கிட்டத்தட்ட முடித்தே அனுப்புகிறார்கள். ஆயிரம் டாலருக்கு மேல் ஆகும், நாம் தேய்த்து, நிறம் ஏற்றி, குழலைப் பழுப்பாக்க வேண்டும். தச்சு வேலையே தெரியாத நான் ஒழுங்காக முடித்தேன் என்றால் யாராலும் முடியும். பொறி? வெயிலிலேயே கண்ணுக்குத் தெரிகிறது. மரவேலையில் பொறுமை இல்லாதவர் இந்தப் பக்கம் வர வேண்டாம், மேசைமேல் பாதித் துப்பாக்கியாக வருஷக்கணக்கில் கிடக்கும்.

மருந்திலும் இதே உள்நாடு-வெளிநாடு கதை உண்டு. பைரோடெக்ஸ் மாதிரி மாற்று மருந்துகள் தீப்பிடிக்க அதிகச் சூடு கேட்பதால் சக்கிமுக்கிக்கு ஒத்துவராது, அசல் கருமருந்துதான் வேண்டும். லூசியானாவின் மின்டனில் செய்த கோயெக்ஸ்தான் உள்நாட்டில் பெரிய பெயர். 2021-இல் அந்தத் தயாரிப்பை நிறுத்துவதாக ஹாட்ஜ்டன் அறிவித்ததும் எல்லோரும் அலறினோம், அடுத்த வருஷம் எஸ்டெஸ் கம்பெனி வாங்கிக்கொண்டது. இடையில் பலரும் ஸ்விஸ் மருந்துக்குப் போனார்கள். விலை கூடுதல், குழலில் படிகிற கரி குறைவு. மாற்று மருந்தே போதும் என்பதால் கேப் துப்பாக்கிக்காரர்களுக்கு இந்தக் கவலையே இல்லை, அதுவும் அவர்களுக்கு இறக்குமதியே போதும் என்று நான் சொல்வதற்கு ஒரு காரணம்.

வாங்கும் முறை பற்றி ஒரு வார்த்தை. 1968-ஆம் வருஷத் துப்பாக்கிச் சட்டத்தின்படி பெரும்பாலான மஸில்லோடர்கள் பழம்பொருள் கணக்கில் வருவதால் தபாலில் வீட்டுக்கே வரும். ஆனால் மாநிலச் சட்டம் வேறு. இல்லினாய், நியூ ஜெர்சி போன்ற இடங்களில் இதையும் துப்பாக்கியாகவே பார்க்கிறார்கள். தோட்டாக் குழலும் மாட்டக்கூடிய என்கோர் மாதிரி வகைகள் மத்தியச் சட்டத்திலேயே இந்தச் சலுகையில் வராது.

பழையது கைக்கு வந்ததும் முதல் வேலை, இடிகம்பியை வாய் வழியாக மெதுவாக இறக்கி ஆழத்தை அடையாளம் செய்து, குழலின் வெளிப்பக்கம் வைத்து ஒப்பிடுவது. கம்பி நிப்பிளுக்கோ பற்றுத்துளைக்கோ பக்கம்வரை வராமல் முன்னாலேயே நின்றால் உள்ளே யாரோ எப்போதோ கெட்டித்த மருந்து அப்படியே இருக்கிறது என்று வைத்துக்கொண்டு, கேப்போ கல்லோ பக்கத்தில் வராமல், தெரிந்தவரிடம் கொடுத்து வெளியே எடுங்கள். அப்புறம் ஈரத்துணி ஓட்டிப் பாருங்கள். துணி ஒரே இடத்தில் திரும்பத் திரும்பச் சிக்கினால் அங்கே துரு தின்ற பள்ளம் இருக்கும். பல தாம்சன்/சென்டர் குழல்களும் பல இத்தாலியக் குழல்களும் அடியில் குறுகிய அறையோடு வருகின்றன, வழக்கமான துடைப்பான் அங்கே எட்டாது, கைத்துப்பாக்கிக்கு விற்கிற சின்ன பிரஷ்தான் எட்டும். முந்தைய சொந்தக்காரர் சோம்பேறியா இல்லையா என்பது அந்த பிரஷ் வெளியே வரும்போது தெரியும். குழல் போய்விட்டால் விலையைக் குறைத்துக் கேளுங்கள், கட்டையும் லாக்கும் நன்றாக இருந்தால் மாற்றுக் குழல் தேடிப் பிடித்துக்கொள்ளலாம்.